மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு: குடிநோய் சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்புகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

சிகிச்சை முடிந்து ஆலைக்குத் திரும்பிய முதல் நாள், எனக்கு வேலை எதுவும் மறந்துபோயிருக்கவில்லை. ஊறல் தொட்டியில் கைவிட்டு நாலு நெல்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன், பதம் தெரிந்தது. பாய்லருக்கு உமி தள்ளுகிற பையன் "வாருங்கள் மாமா" என்றான். பகல் நன்றாகவே போயிற்று. மாலை ஐந்தரைக்குக் கைகால் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வாசலைத் தாண்டியதும் அது தானாகவே இடப்பக்கம் திரும்பியது. என் வீடு வலப்பக்கம். பதினாறு வருடம் இடப்பக்கம் போய்ப் பழகிய சைக்கிள் அது.

சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்புவது என்றதும் எல்லோரும் வேலையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உடம்பு தாங்குமா, முதலாளி சேர்ப்பாரா என்கிறார்கள். என் அனுபவத்தில் வேலை நேரம் நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். உடம்பு அசந்து, கையில் கூலியோடு, வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஆள் விழுகிறான். கீழே சொல்லியிருப்பதில் பாதி அந்த நேரத்தை எப்படி அடைப்பது என்பதுதான்.

நான் மருத்துவன் இல்லை. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் உலர்த்தியைக் கவனிக்கிறவன். குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு கொத்தனார், லோடுமேன், தவில்காரர், பள்ளி ஆசிரியர் என்று பலருக்கு முதல் சில வாரங்கள் துணையாக இருந்திருக்கிறேன். மாத்திரை பற்றிய முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை; மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

வார்டை விட்டு இறங்கும் முன் வாங்க வேண்டியவை

வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் மாத்திரைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிறகு ஒரு சான்றிதழுக்காகத் தஞ்சாவூருக்கு மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

டிஸ்சார்ஜ் சுருக்கம், மாத்திரைச் சீட்டு, அடுத்துக் காட்ட வேண்டிய தேதி, இத்தனை நாள் சிகிச்சையில் இருந்தார் என்ற சான்று, வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்ற சான்று: இந்த ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். வேலையிடத்தில் கொடுக்கப்போவது கடைசி இரண்டையும்தான். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயர் இருக்கும். அதை வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள். சான்றில் நோயின் பெயரை விரிவாக எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது அதே சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை. வார்டில் என்னோடு இருந்த பலருக்கு இது தெரியாது; எனக்கும் அப்போது தெரியாது.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி ஓய்வுச் சான்று வாங்க வேண்டும். சந்தா நிபந்தனை பூர்த்தியானால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உதவித்தொகை கிடைக்கும். அந்தத் தொகை வாங்குகிற காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று, 2025இல் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. அரசு ஊழியர்கள் மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுத்திருந்தால், திரும்பும்போது தகுதிச் சான்று கொடுத்தால்தான் பணியில் சேர முடியும். தேதிகள் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றனவா என்று வார்டிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த நாளில் திரும்புவது

டெல்டாவில் காலண்டரைப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. வழக்கப்படி மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் ஒழுங்காக வந்தால் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பா அறுவடை தை, மாசியில். இந்த இரண்டு பருவத்திலும் ஊரில் எல்லாமே வேகமாகிவிடும். அறுவடை இயந்திரம் இரவிலும் ஓடும். மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களை அடுக்குவார்கள். பணம் கைமாறும். இடுப்பு வலி தெரியாமல் இருக்க ஒரு குவார்ட்டர் என்பது பல இடங்களில் கூலியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அந்தச் சுழலுக்குள் வார்டிலிருந்து நேராகப் போய் இறங்காதீர்கள். நேரம் இருந்தால் பருவம் தணிந்த பிறகு சேருங்கள். இல்லை, அடுப்பு எரிய வேண்டும் என்றால் பகல் வேலை மட்டும், முதல் இரண்டு வாரம் அரை நாள் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பேசிக்கொள்ளுங்கள். கூலி குறையும். குடித்த காலத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் வேலைக்குப் போனோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் நாட்களில் தரும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். பஸ், டிராக்டர், அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், பாய்லர், மின்வேலை, சாரத்தில் நின்று பூசுகிறவர்கள் எல்லோரும் "எனக்கு இந்த வேலை, எப்போது செய்யலாம்?" என்று மருத்துவரிடம் வேலையின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். "வேலைக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "போகலாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். அவர் மனதில் இருப்பது மேசை வேலையாக இருக்கலாம்.

தூக்கம் சரியாக சில மாதங்கள் ஆகும். கணக்கு தடுமாறும், சொன்னது மறக்கும். நான் ஆறு மாதம் வரை ஈரப்பத அளவைச் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். இதற்காக மூளை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பிவிடும்.

முதலாளியிடம் என்ன சொல்வது

ஊருக்கே தெரிந்த விஷயத்தை மஞ்சள் காமாலை என்று மறைக்கப் பார்ப்பது வீண். அதற்காக முழுக் கதையையும் ஒப்பிக்க வேண்டியதும் இல்லை. வேலை தொடங்கும் நேரத்தில், எல்லோர் எதிரிலும் போய் நிற்காதீர்கள். வேலையில் சேருவதற்கு முந்தின நாள் மாலையே, அவர் கணக்குப் பார்த்து முடித்த பிறகு, மனைவியையோ மச்சானையோ அழைத்துக்கொண்டு போங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

"முதலாளி, ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன். இரவு முறை மட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சம்பளத்தை என் கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டுவிடுங்கள்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பணம் பாக்கி இருக்கிறது, தெரியும் அல்லவா?" என்றார். தெரியும் என்றேன். மாதம் இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பேச்சில் மன்னிப்பு, சத்தியம், கண்ணீர் எதுவும் இல்லை. இனிமேல் தொடவே மாட்டேன் என்று நான் ஏற்கெனவே பலமுறை அதே மேசையின் முன்னால் சொல்லியிருந்தேன். சத்தியத்துக்கு மதிப்பு தீர்ந்துபோன இடத்தில் தேதியும் தொகையும்தான் பேசும்.

மேஸ்திரியிடம் வேலை செய்கிறவர்களுக்கு இது கடினம். பல மேஸ்திரிகள் வேலை முடிந்ததும் ஆட்களோடு சேர்ந்தே கடைக்குப் போகிறவர்கள். அப்படிப்பட்டவரிடம் வேலையில் சேர்ந்துகொண்டே விலகி நிற்கலாம் என்று எண்ணி வென்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குடிக்காத மேஸ்திரி ஒருவரைத் தேடுங்கள்; கூலி ஐம்பது ரூபாய் குறைவாக இருந்தாலும் அவரிடம் போங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு முதலாளி அவர்களேதான். கல்லாவை யார் பூட்டுவது என்று அவர்கள் வீட்டோடு பேசி முடிக்க வேண்டும்.

ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒன்று. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். நேற்று இரவு குடித்தது காலையில் போய்விட்டிருக்கும் என்ற கணக்கு பலமுறை தப்பியிருக்கிறது. மருத்துவரின் தகுதிச் சான்று கையில் வரும்வரை வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

கூட வேலை செய்கிறவர்கள்

முதல் வாரம் கேலி இருக்கும். "சாமியார் வந்துவிட்டார்" என்பார்கள். இரண்டாவது வாரம் ஒருவன் மட்டும் தனியாக வந்து, "அண்ணே, அங்கே எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்பான். எனக்கு அப்படிக் கேட்டவன், முதல் வாரத்தில் அதிகமாகக் கேலி செய்தவன்.

ஊற்றித் தருகிறவரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். "மாத்திரை சாப்பிடுகிறேன் மாப்பிள்ளை, குடித்தால் ஆபத்து." அவ்வளவுதான். குடியின் தீமையை விளக்கத் தொடங்கினால் அது வாதமாகும். குடிக்கிறவனிடம் வாதத்தில் ஜெயிக்க முடியாது. வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே கால் நகர வேண்டும்.

சிலர் மாலை போட்டுக்கொள்கிறார்கள், சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். மாலை போட்டவரை யாரும் வற்புறுத்துவதில்லை. அது பெரிய காவல். ஆனால் மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றுகிற அன்று மாலையே கடையில் நின்ற பலரை எனக்குத் தெரியும். கழற்றும் நாளில் எங்கே, யாரோடு இருப்பது என்பதைப் போடும் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூலி நாள்

சனிக்கிழமையை நான் இன்றும் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். கையில் ரொக்கம் விழுந்ததும் உள்ளங்கையில் ஒரு சூடு வரும், பழகியவர்களுக்குத் தெரியும். வங்கிக் கணக்கில் கூலி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாது என்றால் கூலி தரும் நேரத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்கட்டும். பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கு அவருடைய பத்து வயது மகள் வந்து நிற்பாள். அப்பா கையிலிருந்து அவள் கைக்குப் பணம் மாறும்; இருவரும் ரொட்டிக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகள் தலையில் இந்தப் பாரத்தை வைக்கலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மனைவியோ தம்பியோ வந்தால் நல்லது. ஆனாலும் அந்த வீட்டில் அது நடந்தது.

ஆண்களுக்கு இதில் மானப் பிரச்சினை இருக்கிறது. அதனால் ஒரு யோசனை: டீ, பஸ், சவரம் இவற்றுக்கு ஆகும் தொகையைக் கணக்குப் பார்த்து, அதை மட்டும் நீங்களே எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் கொடுங்கள். மனைவியிடம் கைநீட்டி வாங்குகிற நிலை வந்தால் ஆறாவது வாரத்தில் சண்டை வரும். அந்தச் சண்டை ஒரு சாக்காகும். கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி இருந்தால் அதற்கும் இதே கணக்குதான். பணம் இருக்கும் கணக்கை அதோடு இணைக்காதீர்கள்.

பழைய கடன்களை ஒரே மாதத்தில் தீர்க்கக் கிளம்ப வேண்டாம். ரோஷத்தில் இரவு முறையும் சேர்த்துப் பார்த்து, உடம்பு முறிந்து, "இவ்வளவு உழைத்தும்…" என்று கடைப் பக்கம் போனவர்கள் உண்டு.

ஐந்தரை முதல் எட்டு வரை

அரசு மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆக, காலை நேரம் உங்களுடையது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்ன ஆபத்து. ஐந்தரைக்கு மேல் பெரிய ஆபத்து.

முதலில் வழியை மாற்றுங்கள். கடை இல்லாத வழி ஒரு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் அதுதான் வழி. நான் வாய்க்கால் கரையோடு போனேன். கரை கரடுமுரடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும், மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் களிமண்ணைக் குச்சியால் சுரண்டிச் சுரண்டிப் போனதில் பல மாலைகள் கழிந்துவிட்டன.

இரண்டாவது, வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். சிகிச்சை மையங்களில் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது வந்தாலும் குடி நினைவு பின்னாலேயே வரும் என்று. வேலை முடிகிற நேரத்தில் பசியும் களைப்பும் சேர்ந்தே வருகின்றன. நாலரை மணிக்கே இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இனிப்பு கூடுதலாக ஒரு டீ. சர்க்கரை நோய் இருந்தால் சுண்டல். அற்பமாகத் தெரியும். என்னை அதிகமாகக் காப்பாற்றியது வாழைப்பழம்தான் என்றால் மனைவி இன்றும் சிரிக்கிறாள்.

மூன்றாவது, ஆசை அலை. அது வரும்; வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்தால் பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடம், சில சமயம் அரை மணி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். எதிர்த்து முட்டினால் பெரிதாகிறது. கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டு, ஏதாவது கைவேலை செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். போனில் குடியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில்லை, உர விலையைப் பற்றிப் பேசினாலும் போதும்.

நான்காவது, அந்த நேரத்துக்கு ஒரு கடமையை உண்டாக்கிக்கொள்ளுங்கள். மாடு கறப்பது, பிள்ளையைத் தனிவகுப்பிலிருந்து அழைத்து வருவது, மூலவருக்கு விளக்குப் போடுவது, எதுவானாலும் சரி. நீங்கள் வராவிட்டால் இன்னொருவருக்குத் தெரிந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் பக்கத்து ஊரில் நடந்தால் அது இந்த நேரத்துக்கே செய்து வைத்தது போல இருக்கும். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்த இயக்கம் அது. கட்டணம் இல்லை. பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், குடிநோய்க்குச் சிகிச்சை தரும் சென்னையின் டி.டி.கே. மருத்துவமனையினர் கிராமத்துக்கே வந்து முகாம் நடத்தியிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே சிகிச்சை நடப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. திரும்பி வருகிறவனை ஊர் வேடிக்கை பார்ப்பதில்லை. அவன் எங்கும் போகவே இல்லையே. வெளியூர் வார்டிலிருந்து வருகிறவர்கள் அந்த ஊரைத் தாங்களே சிறிய அளவில் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது: டீக்கடைக்காரர் ஒருவர், ஒரு நண்பர், ஒரு சித்தப்பா.

துக்க வீடு, கல்யாணம், ஆடிப்பெருக்கு

ஆடி பதினெட்டு அன்று படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருப்பார்கள்; ஆண்கள் தோப்புக்குள் வேறொரு பெருக்கு விடுவார்கள். காலையிலேயே குடும்பத்தோடு போய்ச் சித்திரான்னத்தைச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

துக்க வீடு இன்னும் கடினம். போகாமல் இருக்க முடியாது. பறை அடிக்கிறவர், பாடை கட்டுகிறவர், குழி வெட்டுகிறவர் எல்லோருக்கும் பாட்டில் போகும். மாலையைப் போட்டுத் துக்கம் கேட்டுவிட்டு, காடு வரை போக வேண்டிய நெருங்கிய உறவாக இருந்தால் குடிக்காத ஒருவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தவில், நாகஸ்வரக் கலைஞர்களுக்கு இது தொழிலே. எனக்குத் தெரிந்த தவில்காரர் முதல் வருடம் இரவுக் கச்சேரிகளை விட்டுவிட்டு முகூர்த்தக் கச்சேரி மட்டும் ஒப்புக்கொண்டார். வருமானம் பாதியானது. இரண்டாவது வருடம் விடியற்காலை நாலரைக்கு நேரம் தவறாமல் வருகிறவர் என்று பெயர் வாங்கி, முகூர்த்த நாளெல்லாம் நிரம்பிவிட்டது.

மாத்திரை

டைசல்ஃபிரம் என்பது குடிக்காமல் இருக்கத் தரும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. மருந்துக்கடையில் "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லியே எதையும் வாங்குங்கள். குடி ஆசையைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்ஸோன் சாப்பிடுகிறவர்கள் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதை முதலில் சொல்ல வேண்டும். சில வலிநிவாரணிகள் வேலை செய்யாது.

குடிப்பவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கலாம் என்று பொடி விற்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. டைசல்ஃபிரம் இருந்து, அவர் அன்று மாலை குடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சறுக்கினால்

சறுக்குவதற்கு வாய்ப்பு உண்டு. ஒரு மாலை குடித்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்ற நினைப்புத்தான் அந்த ஒரு மாலையைப் பத்து நாளாக்குகிறது. அடுத்த நாள் காலை வாசனையோடு வேலைக்குப் போகாதீர்கள். இன்று வரவில்லை என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த முயலாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, ஆள் தெரியாமல் பேசுவது வரலாம். அதைப் பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் நேரத்தை இழந்த குடும்பங்கள் டெல்டாவில் உண்டு. 108க்குச் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் போதை மறுவாழ்வுக்கான இலவச எண் 14446, மனநல உதவிக்கு 14416.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்லாதீர்கள். சந்தேகம் வரத்தான் செய்யும்; அதை மாதாந்திரச் சந்திப்பில் மருத்துவர் எதிரில் கேளுங்கள். என் மனைவி ஊதச் சொன்னதில்லை. ஐந்தே முக்காலுக்கு வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் துண்டும் வைத்திருப்பாள். ஆறே காலுக்கு மேல் ஆனால் அதை உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். வாய்க்கால் கரையில் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மாலைகளில் அந்தப் பாத்திரத்துக்காக நான் எத்தனையோ முறை சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.